சுவர் பாரிஸ்டர்

சூலியா தெருவில் ஒரு பாத்திரக்கடையின் சுவரை விரல் முட்டியால் மூன்று இடங்களில் தட்டிவிட்டு, அதில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார் ஹென்றி பாக்கியசாமி. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கக்கத்தில் குடை. காலை பத்து மணி. கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நடப்பவர்கள் பழக்கப்பட்ட தூணைச் சுற்றுவதுபோல் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஊருக்குப் புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஒருவர் மட்டும், சுவருக்குள் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துத் தாமும் காதை வைக்கிறார்.

"என்ன கேக்குது?" என்று பாக்கியசாமி அவரிடம் விசாரிக்கிறார்.

"ஒண்ணும் கேக்கலிங்களே."

"அதான் வேணும். ஒத்தக் கல்லுச் செவுருன்னா அந்தப் பக்கம் பேசுறது இங்க கேக்கும். இது ரெட்டைக் கல்லு. ரெண்டு வீட்டுக்கும் பொது. உங்க பேரு, விலாசம் சொல்லுங்க, சாட்சியாப் போட்டுக்கிறேன்."

புதியவர் குடுகுடுவென்று நடையைக் கட்டுகிறார்.

பாக்கியசாமி பாரிஸ்டராகி இருபத்தைந்து வருஷமாகிறது. கொலை வழக்கு ஒன்றுகூட நடத்தியதில்லை. பத்திரிகையில் படம் வந்ததில்லை. தூக்குமேடைவரை போனவனை மீட்டுவந்த கதை எதுவும் அவரிடம் கிடையாது. அவருடைய கட்சிக்காரர்கள் எல்லோரும் சுவர், மாடிப்படி, சாக்கடை, கூரைத் தண்ணீர், பாதை ஆகியவற்றால் மனம் நொந்தவர்கள். மிச்சப்பேர் கூட்டு வியாபாரம் செய்து கூட்டாளியால் மனம் நொந்தவர்கள். லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டில் தமிழ்ச் சாட்சிகளின் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லும் மொழிபெயர்ப்பாளன் நான். பன்னிரண்டு வருஷமாக அவருக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஐந்தடியையும் அவர் ஒருநாள் அளந்துவிட்டு, "நாலு அடி பத்து அங்குலம், தம்பி. கூட்டிச் சொல்லாதீங்க" என்றார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சுவர் பாரிஸ்டர்'. அது அவருக்குத் தெரியும். கோபமில்லை. "செவுரு இல்லாட்டி ஊரே இல்லை. அப்புறம் மைதானந்தான்" என்பார்.

அவருடைய தகப்பனார் சர்வே ஆபீஸில் சங்கிலி பிடித்தவர். நிலத்தை அளக்கும்போது ஒரு முனையில் வெள்ளைக்காரத் துரை நிற்பார். மறுமுனையில் சங்கிலியோடு சேற்றில் இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு பெரிய பாக்கியசாமி நிற்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "இந்தக் கல்லு நான் நட்டது" என்று எல்லைக் கற்களைக் காட்டுவாராம். மற்றப் பிள்ளைகள் கடற்கரையில் காற்று வாங்கிய நேரத்தில் ஹென்றி எல்லைக் கற்களுக்கு அறிமுகமானார். பத்து காவான் என்ற ஊரில் இருந்த சின்னத் தென்னந்தோப்பை விற்று, தகப்பனார் அவரை லண்டனுக்குக் கப்பலேற்றினார்.

லண்டனைப் பற்றி அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. சட்டச் சங்கத்தின் மண்டபத்தில் இத்தனை தடவை விருந்து சாப்பிட்டாக வேண்டும் என்பது விதி. "சாப்பிட்டுப் பாஸ் பண்ணுன படிப்பு, தம்பி. மூணு வருஷமும் அவிச்ச ஆட்டுக்கறி. உப்பு இல்லை, காரம் இல்லை. எதிர்க்கட்சி வக்கீலு மூணு மணி நேரம் பேசுனாக்கூட நான் அசையாம உக்காந்திருக்கேன்னா, அந்தக் கறிதான்லா காரணம்."

திரும்பி வந்ததும் கிடைத்த முதல் வழக்கு ஒரு திருட்டு வழக்கு. கட்சிக்காரர் ஒரு சுவரேறிக் குதித்து, கோழிக்கூண்டோடு பிடிபட்டவர். பாக்கியசாமி இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுவா, ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதா என்று ஒன்றேகால் மணி நேரம் வாதாடினார். பழைய வரைபடங்களைக் காட்டினார். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவரில் பாதி உங்கள் கட்சிக்காரருடையதா?" என்றார். இல்லை என்று ஒப்புக்கொண்டார் பாக்கியசாமி. "கோழி?" அதுவும் இல்லை. கட்சிக்காரர் இரண்டு மாதம் உள்ளே போனார். ஆனால் வழக்கை வேடிக்கை பார்க்க வந்திருந்த அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் மறுநாள் காலையில் தனித்தனியாக அவர் அலுவலகத்துக்கு வந்தார்கள். அத்தனை காலமும் அந்தச் சுவர் யாருடையது என்று அவர்கள் யோசித்ததே இல்லை. பாக்கியசாமியின் தொழில் அன்று தொடங்கியது.

கூட்டு வியாபாரப் பத்திரம் எழுத வருகிறவர்களுக்கு அவர் அலுவலகத்தில் ஒரே பெஞ்சுதான். கூட்டாளிகள் இரண்டு பேரும் அதில்தான் உட்கார வேண்டும். அவர்கள் நடுவே எவ்வளவு இடம் விட்டு உட்காருகிறார்கள் என்று பார்ப்பார். "நடுவுல ஒரு ஆளு உக்கார எடம் இருந்துச்சுன்னா, அந்த ஆளு வக்கீலு" என்பது அவர் கண்ட உண்மை. பிறகு முதல் கேள்வி கேட்பார்: "பிரியும்போது கடைப்பேரு யாருக்கு?" மாலையும் பழமுமாக வந்தவர்களுக்கு முகம் சுருங்கும். அவரிடம் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சின்னையா தலையில் கைவைத்துக்கொள்வார். வருகிறவர்களில் பாதிப்பேர் அபசகுனம் என்று எழுந்து போய்விடுவார்கள் என்பது சின்னையாவின் கணக்கு. "போகட்டும். மூணு வருஷத்துல வருவாங்க. ஒவ்வொருத்தரா வருவாங்க" என்பார் பாக்கியசாமி.

அவரை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அத்தர்க்கடை வழக்கைச் சொல்லியாக வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது.

ஷேக் அலாவுதீனும் நூர் முகம்மதுவும் சூலியா தெருவில் பதினெட்டு வருஷம் கூட்டாக அத்தரும் தொப்பியும் விற்றவர்கள். அலாவுதீனின் தங்கை ருக்கையாதான் நூர் முகம்மதுவின் மனைவி. ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள்; நடுச்சுவரில் கீழே ஒரு வாசல் வெட்டி இரண்டையும் ஒரே கடையாக்கியிருந்தார்கள். மாடியிலும் அதேபோல் ஒரு வாசல். அந்தப் பக்கம் அலாவுதீனும் அவர் மனைவி சலேஹாவும், இந்தப் பக்கம் நூர் முகம்மதுவும் ருக்கையாவும் குடியிருந்தார்கள். பதினெட்டு வருஷம் வராத சண்டை, புதுப் பெயர்ப்பலகை எழுதும்போது வந்தது. யார் பெயர் முதலில்? அலாவுதீன் மூத்தவர். நூர் முகம்மது, அகர வரிசை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று பெயின்டரிடம் கேட்டுப் பார்த்தார். அதிலும் அலாவுதீனே முந்தினார். அப்போது அலாவுதீன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வியாபாரம் முறிந்தது.

கூட்டைக் கலைக்க வேண்டும். நடுச்சுவரின் இரண்டு வாசல்களையும் கல் வைத்து அடைக்க வேண்டும். வேறு எதிலும் ஒத்துப்போகாத மச்சான்மார் இருவரும் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஆனால் சுவர் யார் பக்கம், அடைக்கும் கல் யார் நிலத்தில் நிற்கும் என்பதில் கோர்ட்டுக்கு வந்தார்கள். அலாவுதீன் பீச் ஸ்ட்ரீட்டிலிருந்து ஓர் ஆங்கிலேய பாரிஸ்டரை அமர்த்தினார். நூர் முகம்மது நம்மவரிடம் வந்தார்.

கீழே உள்ள சுவரைப் பாக்கியசாமி தட்டிப் பார்த்துவிட்டார். மாடியைப் பார்க்க வழியில்லை. பெண்கள் கோஷா, வேற்று ஆண் மாடிப்படி ஏற முடியாது. பாக்கியசாமி வீட்டுக்குப் போய், தம் மனைவி கேத்தரின் கையில் அளவு நாடாவைக் கொடுத்தார். கேத்தரின் அம்மாள் கணவரின் தொழிலை அதுவரை ஒரு நோய்போலப் பொறுத்துவந்தவர். அன்று சாயந்திரம் மாடிக்குப் போனவர், இரண்டு மணி நேரம் கழித்து வாயில் வெற்றிலையோடு இறங்கி வந்தார்.

"வாசல் எவ்வளவு அகலம்?" என்றார் பாக்கியசாமி.

"அதை விடுங்க. அடுப்பு எங்க இருக்கு தெரியுமா?"

"அடுப்பு வழக்குல இல்லை, கேத்தரின்."

"இருக்கு. அடுப்பு அந்தப் பக்கம் சலேஹா வீட்டுல. தண்ணிக் குழாயும் குளிக்கிற எடமும் இந்தப் பக்கம் ருக்கையா வீட்டுல. பதினெட்டு வருஷமா ரெண்டு பேரும் சேந்துதான் பொங்குறாங்க. செவுரு வச்சா ஒருத்திக்குத் தண்ணி இல்லை, ஒருத்திக்கு நெருப்பு இல்லை. இந்த ஆம்பளைங்க சாப்பிட மட்டுந்தானே மாடிக்கு வராங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு ருக்கையா அழுவுது. பக்கத்து ஊட்டு அண்ணியைப் பாக்கணும்னா இனிமே திரை போட்ட ரிக்‌ஷா வரச்சொல்லி, எட்டடி தூரம் போகணுமாம். தெருவே சிரிக்குமேன்னு சொல்லுது."

பாக்கியசாமி அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை என்று கேத்தரின் அம்மாள் என்னிடம் சொன்னார். அவருடைய கட்சிக்காரர் நூர் முகம்மது. கட்சிக்காரர் கேட்பது சுவர். கட்சிக்காரருடைய மனைவியின் கண்ணீருக்காக வாதாட அவருக்கு வக்காலத்து இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் அவர் செய்வது ஒன்றுதான்: பத்திரம் படிப்பார். மறுநாள் சின்னையாவைப் பத்திரப் பதிவு ஆபீஸுக்கு அனுப்பி, இரண்டு வீட்டுக்கும் உள்ள பத்திரங்களின் நகலை எடுத்துவரச் சொன்னார். எதிர்க்கட்சி ஆங்கிலேயருக்கு இது தோன்றவில்லை. தம் கட்சிக்காரர் 'என் வீடு' என்று சொன்னதை அவர் அப்படியே நம்பினார். வீட்டில் வசிப்பவன் 'என் வீடு' என்று சொன்னால் அதை நம்பக்கூடாது என்பது சங்கிலி பிடித்தவர் மகனுக்குத் தெரியும்.

நூர் முகம்மது அலுவலகத்துக்கு வந்த அன்று நானும் வேறு வேலையாக அங்கே இருந்தேன்.

"பாய், இந்த வீடு யாருது?"

"என்ன கேள்வி இது, லாயர்? என் ஊடுதான். நாந்தான் வாங்குனேன்."

"வாங்குனது நீங்க. குடுத்ததும் நீங்க." பாக்கியசாமி நகலைத் திருப்பி வைத்தார். "நிக்காஹ் அன்னைக்கு உங்க சம்சாரத்துக்கு மஹரா எழுதிக் குடுத்திருக்கீங்க. ரிஜிஸ்தர் ஆயிருக்கு. உங்க கையெழுத்துதானே?"

நூர் முகம்மது கையெழுத்தைப் பார்த்தார். அது அவருடையதுதான்; இப்போது போடுவதைவிட அழகாக இருந்தது.

"அது... மச்சான் பிடிவாதம் பிடிச்சாரு. தங்கச்சிக்கு ஊடு எழுதுனாத்தான் கல்யாணம்னாரு. சும்மா எழுதுனது."

"சட்டத்துக்குச் சும்மான்னு ஒண்ணு தெரியாது, பாய்."

"அப்ப அவரு ஊடு?"

"அது சலேஹா அம்மாவுது. அதே கதை. அவங்க வாப்பா உங்க மச்சானைவிடப் பிடிவாதக்காரரு போலிருக்கு." பாக்கியசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடை உங்களுது. அத்தர் உங்களுது. தொப்பி உங்களுது. செவுரு மட்டும் உங்க ரெண்டு பேருதும் இல்லை. அதைக் கட்டவோ இடிக்கவோ அந்த ரெண்டு பொம்பளைங்க சொல்லணும். இதைக் கோர்ட்டுல மறைச்சு வச்சு நான் பேச முடியாது."

நூர் முகம்மது நகலை மடித்து மேஜைமேல் தள்ளினார். பிறகு எழுந்தார். "பொஞ்சாதிகிட்ட அனுமதி கேட்டுச் செவுரு வைக்கிற ஆளுன்னு கடைத்தெருவே பேசும். நான் வேற லாயர் பாத்துக்கிறேன்." படியிறங்கிப் போய்விட்டார். சின்னையா வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு, "இதுக்குத்தான்யா பத்திரம் படிக்காதீங்கன்னு சொல்றது" என்று முணுமுணுத்தார்.

இரண்டு நாளில் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலம் எழுதத் தெரிந்த பக்கத்துவீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுதியது. கீழே இரண்டு கைநாட்டு. சலேஹாவும் ருக்கையாவும் தங்களுக்குப் பாக்கியசாமியே வாதாட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முன்பு கணவருக்கு வக்கீலாக இருந்துவிட்டு இப்போது மனைவிக்கு வர முடியாது என்று பாக்கியசாமி மறுத்துவிட்டார். சட்டம் அப்படி. ஆனால் அவர்களை வேறொரு வக்கீலிடம் அனுப்பினார். அந்த வக்கீலிடம் பத்திரச் செய்தி எதையும் சொல்லிவிடவில்லையே என்று நான் கேட்டேன். "பதிவு ஆபீஸ் எங்க இருக்குன்னு மட்டும் சொன்னேன். அது ஊருக்கே தெரிஞ்ச எடம்" என்றார்.

அந்தப் புது வக்கீல் இரண்டு பத்திரங்களின் நகலையும் கோர்ட்டில் வைத்ததும், நீதிபதி வழக்கை நிறுத்தி, வீட்டுக்காரப் பெண்களின் வாக்குமூலத்தை வீட்டிலேயே போய் எழுதிவர ஓர் ஆங்கிலேய அதிகாரியை அனுப்பினார். மொழிபெயர்க்க நான் போனேன். மாடி முன்னறையில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். இந்தப் பக்கம் நாங்கள். கீழே கடையில், பேச்சு வார்த்தை இல்லாத மச்சான்மார் இருவரும் ஆளுக்கொரு மூலையில் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுவர் எழுப்ப உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"கடையை அவங்க பிரிச்சுக்கட்டும்" என்றது ஒரு குரல்.

"கீழ் வாசலை அடைச்சுக்கட்டும். ஆம்பளைங்க சண்டை கீழயே இருக்கட்டும்" என்றது இன்னொரு குரல்.

"மேல் வாசலைத் தொடக்கூடாது."

"அடுப்பு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம். ரெண்டும் கோர்ட்டுக்குப் போயிட்டா சோறு எங்க வேகும்னு தொரைகிட்டக் கேளுங்க."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி எழுதுகிற கையை நிறுத்தி, இதைச் சொன்னது இரண்டு பேரில் யார், தனித்தனியாக எழுத வேண்டும் என்றார். கேட்டேன். திரைக்குப் பின்னால் கொஞ்சம் குசுகுசுப்பு, கொஞ்சம் சிரிப்பு. பிறகு ருக்கையாவோ சலேஹாவோ சொன்னார்:

"ரெண்டு பேருந்தான். அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க."

கோர்ட்டு கூட்டைக் கலைத்தது. கீழ் வாசலுக்கு மட்டும் கல் வைத்தார்கள். இப்போது அங்கே இரண்டு அத்தர்க்கடைகள்; இரண்டு பலகைகள்; ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர்தான், ஆகவே முதலில் யார் என்ற கேள்வியில்லை. மாடியில் ஒரே அடுப்பு எரிகிறது. மத்தியானம் ஒருவர் ஒரு படியாலும், மற்றவர் மறு படியாலும் ஏறிப்போய், திறந்த வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒரே சட்டிக் குழம்பைப் பேசாமல் சாப்பிடுகிறார்கள். உப்பு வேண்டுமானால் மனைவியிடம் கேட்கிறார்கள். மச்சானைத் தாண்டித்தான் உப்பு வருகிறது. சமீபகாலமாக மச்சானே கொடுத்துவிடுவதாகக் கேத்தரின் அம்மாளுக்குத் தகவல். மாதத்துக்கு ஒருமுறை அங்கே அளக்க எதுவுமில்லாமலேயே போய்வருகிறார் அவர்.

நூர் முகம்மது ஒரு வருஷம் பாக்கியசாமியைத் தெருவில் கண்டால் எதிர் அஞ்சடிக்குத் தாண்டிவிடுவார். மகள் ஜன்னத்துக்குக் கல்யாணம் பேசியபோதுதான் அலுவலகப் படியேறினார். மாப்பிள்ளை வீட்டார் மஹராக ஒரு வீடு எழுதித் தருவதாகச் சொல்கிறார்களாம். "நல்லா அழுத்தமா எழுதிக் குடுங்க, ஐயா. பின்னால அந்தப் பய சும்மா எழுதுனேன்னு சொல்லக்கூடாது" என்றார். பாக்கியசாமி முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் பேனாவை எடுத்தார்.

இந்த வருஷம் நோன்புப் பெருநாளன்று முற்பகலில் நான் அவர் வீட்டில் இருந்தேன். பதினொரு மணிக்கு ஷேக் அலாவுதீன் புதுத் தொப்பியோடு வந்து, ஒரு டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தார். போகிறபோது வாசலில் நின்று, "அவரு எதுவும் குடுத்தனுப்புனாரா?" என்று கேட்டார். "கட்சிக்காரங்க விஷயம் வெளியில சொல்றதில்லை, பாய்" என்றார் பாக்கியசாமி. பதினொன்றரைக்கு நூர் முகம்மது இன்னொரு கேரியரோடு வந்தார். அவரும் அதையே கேட்டார். அதே பதிலைப் பெற்றுக்கொண்டு போனார்.

இரண்டையும் திறந்தோம். ஒரே அடுப்பில், ஒரே தேக்சாவில் வெந்த பிரியாணி. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் முட்டை.

"ஒண்ணை மூடி வைக்கிறேன். ராத்திரிக்கு ஆகும்" என்று கேத்தரின் அம்மாள் கை நீட்டினார்.

பாக்கியசாமி தலையை அசைத்தார். அலமாரியிலிருந்து பெரிய தாம்பாளத்தை எடுத்து நடுவில் வைத்தார். ஒரு கேரியரைக் கவிழ்த்தார். அதன்மேலேயே மற்றதையும் கவிழ்த்தார். கோட்டுக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, எது யாருடையது என்று இனி எவராலும் சொல்ல முடியாதபடி, இரண்டையும் மெதுவாகக் கையால் ஒன்றாகக் கிளறத் தொடங்கினார்.